நூற்றெண்பது கிலோ ஸ்பெக்ட்ரம்

1984ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, கடையில் அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலாக இருந்த ஒரு ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர், கிள்ளானில் நேசம்மா வீட்டு வாசலில் நூற்றெண்பது கிலோ எடையோடு வந்து இறங்கியது. எடையில் சந்தேகமில்லை. ஏற்றிவந்த காப்பார் ஊர் லோரிக்காரர் வேலாயுதம், தன் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்து, வழியில் ஒரு பழைய இரும்புக் கடையின் மேடைத் தராசில் வைத்து நிறுத்து, கடைக்காரரிடம் கையெழுத்தோடு சீட்டு வாங்கி வைத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் அதை அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ஏற்றினார். சுபாங் தாண்டியதும் லோரியின் பின்பக்கம் அமுங்கத் தொடங்கியது. கிள்ளான் பாலத்தில் ஏறும்போது சக்கரங்கள் மட்கார்டில் உரசிப் புகைந்தன. உடன் வந்த தட்டுமுட்டுச் சாமான்களான அலமாரி, குளிர்பெட்டி, தையல் இயந்திரம் எல்லாம் தத்தம் எடையிலேயே இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டர் புனிதவதியுடையது. பிரிக்பீல்ட்ஸில் ஓய்வுபெற்ற ரயில்வே தலைமைக் கிளார்க் சீவரத்தினத்தின் ஒரே மகள் அவள், வயது இருபத்தாறு, பெண்கள் இடைநிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. முந்தின வருடம் தன் சம்பளத்தில் அதை வாங்கினாள். அழிரப்பர் போன்ற சாவிகள், கறுப்பு உடம்பு, ஓரத்தில் வானவில் கோடு. படம் காட்ட வீட்டுத் தொலைக்காட்சியும், எழுதியதைச் சேர்த்துவைக்க ஒரு கேசட் ரெக்கார்டரும் வேண்டும். கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் ஆணியால் தகரத்தைக் கீறும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தால் எட்டு மணிச் செய்தி பார்க்க முடியவில்லை என்று சீவரத்தினம் தினமும் கொதித்தார். மறுநாள் காலை வாசகசாலைக்குப் போய், தன் வீட்டிலும் ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

வாசகசாலையில் அந்த வருடங்களில் கம்ப்யூட்டர் வைத்திருந்தோர் நான்கு பேர். டாக்டரிடம் ஆப்பிள், அதற்குப் பின்னல் விரிப்புப் போர்த்தி மேலே தொலைபேசியை வைத்திருந்தார். வழக்கறிஞரிடம் பிபிசி மைக்ரோ; பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் பழைய சாமானாகிவிடும் என்பதால் பிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற சர்வேயரிடம் விக்-20. அதன் நினைவகம் வெறும் ஐந்து கே என்பதால் அவர் கதவோரமாக உட்கார்ந்தார். எந்த மாடலில் எத்தனை கே, எத்தனை நிறம், எந்த நாட்டுச் சரக்கு என்று ஆங்கிலத் தினசரியின் ஓரத்தில் பட்டியல் போட்டு மணிக்கணக்கில் ஒப்பிட்டார்கள். சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது நால்வருக்கும் தெரியாது. ஸ்பெக்ட்ரத்தில் சுவிட்சே கிடையாது, கம்பியைச் செருகினால் போதும் என்பது புனிதவதிக்குத் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை. சீவரத்தினம் நாற்பத்தெட்டு கே என்று தலைநிமிர்ந்து சொல்வார். டாக்டர் உள்ளே வந்தால் மட்டும், இது சின்னது, பெரியதற்குச் சொல்லிவைத்திருக்கிறது என்று மாற்றிக்கொள்வார்.

அப்போது புனிதவதி தன் பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையை அதில் எழுதிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு ஆசிரியர்கள், முப்பத்தோரு வகுப்புகள். ஒவ்வொரு வருடமும் ஆறு பேர் மூன்று வாரம் உட்கார்ந்து, சண்டைபோட்டு, ஜனவரியில் ஒரே வகுப்பறைக்குள் இரண்டு ஆசிரியைகளை அனுப்பிவைக்கும் வேலை. தலைமையாசிரியை அதை இவளிடம் நம்பிக் கொடுத்திருந்தார். எட்டு மாத உழைப்பு ஒரே கேசட்டில் இருந்தது. கேசட் ரெக்கார்டருக்குள் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் தரகர் தம்புசாமி கிள்ளான் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை யோகநாதன், துறைமுகத்தில் என்ஜினியர், சாந்தமானவர். தாயார் நேசம்மா. வீட்டுக்கு வேண்டிய வழக்கமான சாமான்களெல்லாம் பேசி முடிந்து, வெற்றிலை மாற்றி, எழுந்து செருப்பைப் போடுகிற நேரத்தில், ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் நல்லது என்று நேசம்மா சொன்னார். கணக்கு டீச்சர் வருகிற வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். கிள்ளான் பள்ளத்தாக்கில் அது ஏற்கெனவே நடப்பிலிருந்த முறைதான். ஆசிரியர் மாப்பிள்ளைக்கு விக்-20, வங்கிக்காரருக்கு ஸ்பெக்ட்ரம், டாக்டருக்கு ஆப்பிளுக்குக் குறைந்து பேசுவதில்லை. மீன் விலை மாதிரி எல்லோருக்கும் தெரிந்திருந்தது; மீன் விலைக்கு முறையிடுவதுபோல இதற்கு யாரும் வாய்விட்டு முறையிடவில்லை. புனிதவதி பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையில் இருந்த சனிக்கிழமை பார்த்து, சீவரத்தினம் அவளுடைய ஸ்பெக்ட்ரத்தையும் ரெக்கார்டரையும் ஒரு பெட்டியில் போட்டு வேலாயுதத்தின் லோரியில் ஏற்றினார். மாலையில் அவள் கேட்டபோது, எப்படியும் நீ போகப்போகிற வீடுதானே என்றார்.

வாசலில் நான்கு பேர் மூச்சுவாங்கப் பெட்டியைத் தூக்கிவந்ததைக் கண்டு நேசம்மாவுக்கு முதலில் பெருமை பிடிபடவில்லை. பிரிட்டிஷ் சாமான் என்றால் கனமாகத்தான் இருக்கும் என்று அண்டை வீடுகளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"மேடம், இது கம்ப்யூட்டரா, டிராக்டர் என்ஜினா? நல்லா பாருங்க லா," என்றார் வேலாயுதம், தராசுச் சீட்டை நீட்டி. நேசம்மா சீட்டை வாங்கிச் சாமிப்படத்தின் கீழே வைத்தார். இரவு சாப்பாட்டுக்கு முன் மேசை உடைந்தது. மறுநாள் தேக்கு மேசை உடைந்தது. பிறகு தரையிலேயே வைத்தார்கள். மொசைக்கில் வட்டமாக விரிசல் விட்டது.

நேசம்மாவைப் புண்படுத்தியது மேசை அல்ல. ஒன்றுவிட்ட தங்கையின் மகன், வெறும் சுகாதார இன்ஸ்பெக்டர், தன் சம்பந்தத்தில் கொமொடோர் 64 வாங்கியிருந்தான். அறுபத்துநான்குக்கு முன்னால் நாற்பத்தெட்டு எப்படித் தலைகாட்டும்? "எங்கட யோகனுக்கு இது காணாது," என்று தம்புசாமியிடம் சொல்லியனுப்பினார். சீவரத்தினம் வாசகசாலையில் ஒரு மணி நேரம் கொதித்தார், இது அநியாயம் என்றார், கேட்பாரில்லையா என்றார். பிறகு போய்க் கொமொடோர் 64 வாங்கியனுப்பினார். கடையில் அது இரண்டு கிலோவுக்கும் குறைவு. கிள்ளானில் அறுநூற்று நாற்பது கிலோ. கூடத்தின் வடக்கு மூலை இறங்கியது. அதற்குள் நேசம்மாவின் காதில் யாரோ, என்ஜினியரும் டாக்டரும் ஒரே படிப்புத்தான் என்று போட்டார்கள். மூன்றாவதாக ஆப்பிள் வந்தது. வேலாயுதம் வாடகைக்கு ஒரு கிரேன் பிடித்தார். அது வைக்கப்பட்ட அன்று வீடு மொத்தமும் வடக்குப் பக்கம் சாய்ந்தது. குழம்புச் சட்டியில் குழம்பு ஒரு பக்கமாக நின்றது.

ஆளாளுக்கு ஆத்திரம் வந்தது, எல்லாம் வேறு வேறு இடத்தை நோக்கி. நேசம்மா கம்ப்யூட்டர்க் கடைக்காரன் ஏமாற்றிவிட்டதாகப் பத்திரிகைக்கு எழுதினார். கடைக்காரர் வந்து தன் கைத்தராசில் வைக்க முயன்று தராசை இழந்தார். நகராண்மைக் கழக அதிகாரி வந்து, குடியிருப்பு வீட்டில் கனரக இயந்திரம் வைத்ததற்குச் சம்மன் எழுதினார். யோகநாதன் நான்கு பக்கம் கணக்குப் போட்டு, கிள்ளான் மண் இளகலானது என்று முடிவுசெய்து, பெட்டிகளைத் தொடாமல் அலுவலகம் போனார். அதே மாதத்தில் ரவாங்கில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக் கார்ப் பந்தல் ஒரு விக்-20 காரணமாக உட்கார்ந்தது. சுகாதார இன்ஸ்பெக்டரின் 64 கட்டிலை உடைத்தது. கேட்டு வாங்கிய வீடுகளிலெல்லாம் கனத்தது. கொடுத்த வீடுகளில் இருந்தவரை அது குழந்தைகள் தூக்கி விளையாடும்படி கிடந்தது. இந்த ஒற்றுமையைப் பற்றிக் கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் எல்லோரும் பேசினார்கள். காரணத்தை மட்டும் ஒருவரும் வாயால் சொல்லவில்லை; சொன்னால் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும்.

கால அட்டவணையை ஒப்படைக்க நான்கு நாள் இருந்தபோது புனிதவதி பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனாள். தாலி ஏறாத பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது பிரிக்பீல்ட்ஸில் கேள்விப்படாத காரியம். அவள் படியேறினாள். சாய்ந்த கூடத்தில், சாய்ந்த நாற்காலிகளில், நேசம்மாவும் உறவினர் ஏழெட்டுப் பேரும், சுவரைப் பிடித்தபடி யோகநாதனும் இருந்தார்கள். தன் கம்ப்யூட்டரையும் கேசட்டையும் எடுத்துப்போக வந்ததாகச் சொன்னாள்.

"சபையறியத் தந்த சாமானைத் திருப்பிக் கேக்கிறீரோ, பிள்ளை?" என்றார் நேசம்மா.

"அது என்ட சம்பளத்தில வாங்கினது. நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்ல."

நேசம்மா சிரித்தார். தூக்க முடிந்தால் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். நான்கு ஆண்கள் நகர்த்த முடியாததை இவள் என்ன செய்வாள் என்று எல்லோரும் சாய்ந்தபடி பார்த்தார்கள். புனிதவதி குனிந்து, மொசைக் பள்ளத்திலிருந்த ஸ்பெக்ட்ரத்தை ஒரு கையால் எடுத்து, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். கூடம் அரை அங்குலம் நிமிர்ந்தது. நேசம்மாதான் முதலில் சுதாரித்தார். சபாஷ், அப்படியானால் மற்ற இரண்டையும் அவவே எடுத்து முன்னறையில் வைக்கட்டும் என்றார். அலமாரியையும் ஜன்னலோரம் மாற்றவேண்டியிருக்கிறது, எப்படியும் தை மாதத்திலிருந்து இதெல்லாம் அவவின் வேலைதானே.

புனிதவதிக்கு அந்த வருடம் முழுவதும் வராத கோபம் அப்போதுதான் வந்தது. அவள் நேசம்மாவைப் பார்க்கவில்லை. நேரே யோகநாதனிடம் போனாள்.

"நீங்க கேட்டனீங்களா?"

"நான் ஒண்டும் கேக்கேல்ல," என்றார் அவர். "அம்மாதான் கேட்டவ."

"அப்ப உங்களுக்குப் பாரம் இராது. பிடியுங்கோ." அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் ஸ்பெக்ட்ரத்தை வைத்தாள். யோகநாதன் முழங்காலில் விழுந்தார். முழங்கால்கள் மொசைக்கில் புதைந்தன. அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை அவரால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. ரெக்கார்டரைத் திறந்து கேசட் இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ் எந்தப் பக்கமும் சாயவில்லை.

கால அட்டவணை திங்கட்கிழமை ஒப்படைக்கப்பட்டது. ஜனவரியில் எந்த வகுப்பறையிலும் இரண்டு ஆசிரியைகள் சந்தித்துக்கொள்ளவில்லை. கல்யாணம் நின்றது. சீவரத்தினம் மூன்று மாதம் மகளோடு பேசவில்லை. வாசகசாலையில் மட்டும், கிள்ளான்காரருக்குத் தகுதி போதாது என்று தான் மறுத்துவிட்டதாகச் சொன்னார். கொமொடோரும் ஆப்பிளும் கிள்ளானிலேயே இருந்தன. நேசம்மா வருகிறவர்களிடம் அவற்றைக் காட்டி, கே விவரம் சொல்லி, சிந்தாத அளவுக்குப் பாதி மட்டும் ஊற்றிய கோப்பையில் தேநீர் கொடுத்தார். யோகநாதனுக்குப் பெண் கேட்கப்போன இடங்களில், உட்காருவதற்கு முன்பே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள்.

அது வழக்கமாயிற்று. 1986க்குள் பள்ளத்தாக்கில் தம்புசாமி பேசுகிற சம்பந்தங்களில் ஜாதகத்துக்கு முன் அதுதான். தம்புசாமி தன் பையிலேயே ஒரு பழைய விக்-20 வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் தூக்கவேண்டும். தூக்கினால் மேலே பேசலாம். முதுகுவலி என்று டாக்டர் கடிதம் கொண்டுவந்த மாப்பிள்ளைகளின் எண்ணிக்கை கொஞ்சமல்ல. கடிதம் கொடுத்தவர்களில் ஆப்பிள் டாக்டரும் உண்டு. அவருக்கு மூன்று மகன்கள்.

1991இல் கேரி தீவுத் தோட்டப் பள்ளியிலிருந்து வாசு என்று ஓர் ஆசிரியர், அட்டவணை போடுகிற டீச்சர் வீடு இதுதானா என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் பள்ளியில் ஆறு வகுப்புக்கு நாலரை ஆசிரியர்கள். அதற்குள் ஊரெல்லாம் 386 கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வாசகசாலையில் கே போய் மெகாவை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புனிதவதியின் மேசையில் அதே ஸ்பெக்ட்ரம்தான். தேநீர் வந்தது. கோப்பை வைக்க இடமில்லை. வாசு பேசிக்கொண்டே ஸ்பெக்ட்ரத்தை ஒரு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கோப்பையை மேசையில் வைத்தார். தோட்டத்து ஆளை எதற்கு உள்ளே உட்காரவைத்தாய் என்று கேட்க வாயைத் திறந்தபடி அறைக்குள் வந்த சீவரத்தினம், அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"டீச்சர், சீனி கொஞ்சம் தூக்கலா இருக்கு லா," என்றார் வாசு.

மறு வருடம் சித்திரையில் கல்யாணம். கிள்ளானுக்கும் பத்திரிகை அனுப்பினார்கள். வீடு இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டதால் வாசல் கதவைத் திறக்க முடியவில்லை, அதனால் வர இயலவில்லை என்று ஜன்னல் வழியாகச் சொல்லியனுப்பினார் நேசம்மா. நியாயமான காரணம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பந்தியில் மிஞ்சிய பலகாரத்தை வேலாயுதம் லோரியில் கொண்டுபோய் அதே ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்தார்.