ஒன்பதுக்குப் பின்னால்

டிரில் மாஸ்டர் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடம் அவரிடமிருந்து விசிலைத் திருப்பி வாங்க மறந்துவிட்டது. அந்தப் பலனை அனுபவித்தது அவர் நடத்தும் நடைக் குழு. வழியில் வேலிக்கு ஒரு மரக்கதவு வந்தால் போதும், முன்னால் நின்று ஊதுவார். வரிசையில் ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். திரும்பி நின்று தலையை எண்ணுவதெல்லாம் அவருக்குக் கௌரவக் குறைச்சல், காது போதும் என்பார்.

எக்ஸ்ரே கிளினிக்கில் போன் எடுக்கும் அவளுக்கு எண் ஒன்பது. போன வருஷம் வரை அவளுக்குப் பின்னால் பத்தும் இருந்தது. அவள் கணவர்.

இதே பாதைதான். கடலோரப் பாறை உச்சியில் அவர் பைனாகுலரும் கையுமாக நின்றுவிட்டார். "அஞ்சே நிமிஷம், வந்துடுறேன். விசில் அடிச்சா என் நம்பரையும் நீயே சொல்லிடு. அந்த மனுஷன்கிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?" என்றார். வீட்டுக்கு வரும் வேண்டாத போன்களை அவர் குரலில் அதட்டி வைப்பது அவளுக்குக் கைவந்த கலை. காட்டு முகப்பில் இருந்த கதவில் ஒன்பது சொன்னாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பத்தும் சொன்னாள். சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

அவர் வரவில்லை. கதவில் பத்து கேட்டது என்று மாஸ்டர் அடித்துச் சொன்னதால், தேடியவர்கள் இரண்டு நாள் காட்டையே சலித்தார்கள். மூன்றாம் நாள் பாறைக்குக் கீழே கிடைத்தார். கால்தான் ஒடிந்திருந்தது, முதல் நாள் முழுக்க உயிரோடு இருந்திருப்பார் என்றார் டாக்டர். "அந்தப் பத்தை நான்தான் சொன்னேன்" என்று அவள் வாயைத் திறந்திருந்தால் ஆள் பிழைத்திருப்பார். முதலில் மாஸ்டர் திட்டுவாரே என்ற கூச்சம், அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்பார்களே என்ற பயம். அந்தப் பயத்தோடு அவள் ஒரு வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாள்.

இந்த வருஷம் வர மாட்டேன் என்றவளை விடாப்பிடியாக இழுத்து வந்தது நாத்தனார். எண் எட்டு, அவளுக்கு நேர் முன்னால் நடப்பவள். "கதவுல அண்ணன் குரலை நானே கேட்டேனே அண்ணி. அப்புறம் எதுக்குப் பாறைக்குத் திரும்பிப் போனான்?" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்.

அதே கதவு. விசில். எண்கள் வரிசையாகப் பின்னால் வந்தன.

"எட்டு."

"ஒன்பது" என்றாள் அவள்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். "பத்து."

அவளுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையும், கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனியும்தான் இருந்தன.

நாத்தனார் விருட்டென்று திரும்பினாள். "அண்ணி! இதுல என்ன விளையாட்டு உங்களுக்கு?"

"நான் சொல்லலம்மா."

"பின்ன யாரு? அவன மாதிரி பேச உங்களை விட்டா யாருக்கு வரும்?" சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "போன வருஷமும் இதே கதவுல..."

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு வருஷப் பழக்கம், பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் பின்னால், பிடரிக்கு மிக அருகே, மறுபடியும் அந்தக் கனைப்பு கேட்டது.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

நாத்தனார் ஒரு கணம் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். காடு முடியும் வரை அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

காட்டைத் தாண்டினால் மரமே இல்லாத முட்புதர் மேடு. அங்கே மூடுபனி இறங்கிவிட்டது. நாத்தனாரின் முதுகும் மறைந்தது. எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தவளின் ஷூ கயிறு முள்ளில் சிக்கியது. குனிந்து இழுத்தாள், வரவில்லை. வெகு முன்னால், அடுத்த கதவில், விசில் கேட்டது.

ஆறு, ஏழு. பிறகு நாத்தனாரின் குரலில் எட்டு.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஒன்பது."

சொன்னது அவளல்ல. எட்டு சொன்ன அதே தொண்டைதான், கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் அவளைப் போல.

"சரி, எல்லாரும் இருக்கீங்க. நடங்க!" என்றார் மாஸ்டர்.

கத்தியிருக்கலாம், கேட்கும் தூரம்தான். ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? அது நான் இல்லை என்றா? அதைச் சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? காலடிச் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து போயின.

பின்னால் தொண்டை கனைத்தது. "பத்து."

போன வருஷம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது திரும்பினாள்.