கேட்காமல் எடுத்த நகல்

திங்கட்கிழமை காலை. கட்டிங் மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்துவிட்டு மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். வெட்ட வேண்டிய அளவுகள் கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். வரவில்லை. மாடியிலிருந்து மோனிஷாவின் குரல்தான் வந்தது.

"அந்தோணிங்ணா, சித்த மேல வாங்க. சீக்கிரமுங்க."

திருமுருகன்பூண்டியைத் தாண்டி அவிநாசி போகிற ரோட்டில் இருந்தது அந்தப் பனியன் கம்பெனி. குழந்தைகள் உடுப்புத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். முதலாளி திருமூர்த்தி. அவர் மகள் மோனிஷாதான் சரக்கு வாங்கும் பையர்களோடு பேசுவது, டிசைன், சாம்பிள் எல்லாம் பார்த்துக்கொண்டாள். அந்தோணிராஜ் அங்கே கம்ப்யூட்டர் ஆள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன்.

மோனிஷாவின் திரையில் இரண்டே வரி. உங்கள் கணக்கு முடக்கப்பட்டது. எங்கள் விதிமுறைகளை மீறியிருக்கிறீர்கள். எந்த விதி, யார் மீறினார்கள், ஒன்றுமில்லை.

மெயில் அதற்குள்தான். டிசைன், அளவு, பையர் அனுப்பிய விவரங்கள், ஆட்களின் சம்பளக் கணக்கு, எல்லாமே அதற்குள்தான். உலகமெல்லாம் கடை விரித்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கில், எந்த நாட்டில் என்றுகூடத் தெரியாத ஓரிடத்தில் அவை இருந்தன. போன் நம்பர் தேடினார்கள். கிடையாது. முறையீடு செய்ய ஒரு பக்கம் இருந்தது. மோனிஷா எழுதி அனுப்பினாள். டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை, இந்த மெயிலுக்குப் பதில் எழுத வேண்டாம்.

"யாருங்ணா பரிசீலிச்சாங்க? அதுக்குள்ளாறயா படிச்சுட்டாங்க?"

"மனுசங்க யாரும் படிச்சிருக்க மாட்டாங்க மேடம். மிசின்தான் பூட்டுது, மிசின்தான் பதிலும் சொல்லுது."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவன் சொல்லியிருக்கக் கூடாது.

ஏனென்றால் மூன்று வருசமாக அவன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். மோனிஷா எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து, கம்பெனி மூலையில் இருந்த பழைய சர்வரை நிறுத்தி எல்லாவற்றையும் அந்தப் பெரிய கம்பெனிக்கு மாற்றியபோது எதிர்த்து நின்ற ஒரே ஆள் அவன்தான். டீக்கடையில், சாப்பாட்டு மேசையில், டெய்லர்களிடம்கூட விடமாட்டான். "ஓரம் தைக்க ஓவர்லாக் மெசின் வாங்குதீக. மூடியை வெல்டு வச்சுக் குடுத்தா வாங்குவீகளா? ஊசி ஒடைஞ்சா நீங்க தொறக்கப்படாது, அவனைத்தான் கூப்பிடணும், அவன் வரமாட்டான்னா நீங்க கம்பெனிய மூடணும். அந்த மாதிரிதான் இந்தப் பெரிய கம்பெனிக்காரன் சாப்ட்வேர்" என்பான். லினக்ஸ் என்றும், ஓப்பன் சோர்ஸ் என்றும், எழுதின வரியை எவனும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்றும் அவன் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். கம்பெனியில் அவனுக்கு 'ஓப்பன்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஒருமுறை மோனிஷாவின் எதிரிலேயே, "என்னைக்காவது ஒருநாள் அவன் பூட்டிட்டுப் போவான், அப்பத் தெரியும்" என்றும் சொல்லியிருந்தான்.

அந்த நாள் வந்திருக்கிறது. அவனுக்கு ஜெயித்த மாதிரி இல்லை.

பதினோரு மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து அருள்குமார் என்ற கம்ப்யூட்டர் நிபுணரை வரவழைத்தார் திருமூர்த்தி. அவர் வந்து எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினார். கடைசியாக அந்தோணிராஜைக் கூப்பிட்டார். முதலாளி அறையில் ஏ.சி. ஓடியது. திருமூர்த்தி மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் "உக்காருப்பா" என்பவர் அன்று சொல்லவில்லை.

"இந்தக் கணக்குல அட்மின் அதிகாரம் யாருக்கு இருக்கு?" என்று கேட்டார் அருள்குமார்.

"மேடத்துக்கும் எனக்கும் சார்."

"உள்ளேயிருந்து யாராவது தப்பா ஏதாவது செஞ்சாத்தான் இப்படிப் பூட்டுவாங்க. சந்தேகப்படற மாதிரி எதையாவது போட்டா, எடுத்தா. உங்களுக்கு இந்தக் கம்பெனி சாப்ட்வேரே ஆகாதாமே?"

அந்தோணிராஜ் முதலாளியைப் பார்த்தான். "ஆகாதுதான் சார். ஆனா நான் ஒண்ணும் பண்ணல."

திருமூர்த்தி அப்போதுதான் வாயைத் திறந்தார். "நீ பண்ணீட்டீன்னு நானு சொல்லுல அந்தோணி. பூட்டுவான் பூட்டுவான்னு நீதான சொல்லீட்டே இருந்தே. எப்புடித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்கு வெளங்குல. சாயங்காலம் சைபர் கிரைம்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுத்தர்லாம்னு இருக்கறேன். அவங்க வந்து எல்லாத்தையும் சோதிச்சுக்கட்டும். உன்ற ஊட்லயும் கம்ப்யூட்டர் இருக்குதில்ல?"

"இருக்குங்க."

"அதையும் பாப்பாங்க."

அவன் படியிறங்கி வந்தான். கீழே மெசின்கள் ஓடவில்லை. டெய்லர்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் கடந்தபோது பேச்சு நின்றது. வழக்கமாக "என்ன ஓப்பன்!" என்று கூப்பிடும் மாஸ்டர் துணியைத் தடவிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார்.

அவன் பயத்துக்குக் காரணம் வீட்டில் இருந்தது.

லைன் வீட்டில் அவனுடையது கடைசி. காயலான் கடையில் பொறுக்கிய சாமான்களைச் சேர்த்து அவனே கட்டிய ஒரு கம்ப்யூட்டர், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மோனிஷா எல்லாவற்றையும் மாற்றிய அதே வாரத்தில் அதில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். தினம் சாயங்காலம் அது தானாகவே போய், கம்பெனியின் அத்தனை கோப்புகளையும் மெயிலையும் நகல் எடுத்து வந்து வைத்துவிடும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். என்றைக்காவது பூட்டினால் தான்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தான். திறந்து ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஆனால் போலீஸ் வந்து பார்த்தால் அதைத் திருட்டு என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்?

மதியச் சாப்பாட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி ஜோதிகா வாசலில் உட்கார்ந்து, ஒரு மூட்டைக் குட்டிச் சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். கத்தரி கையிலேயே இருக்க, அவள் முழுவதும் கேட்டாள்.

"இப்ப என்ன செய்யப் போறீக?"

"அழிச்சிரலாம்னு பாக்கேன். ஒரே வரிதான் அடிக்கணும். ஒண்ணும் இருக்காது."

"அழிச்சா கம்பெனி?"

அவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். அந்த ஒரு வரியை அடித்தும்விட்டான். இனி ஒரு தட்டு. விரல் இறங்கவில்லை. வெளியே யாரோ பைக்கை நிறுத்திய சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அப்போதுதான் இன்னொரு நினைப்பு வந்தது. அது வந்தபோது ஏற்கெனவே இருந்த பயம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. சந்தேகப்படுகிற மாதிரி எதையாவது போட்டா, எடுத்தா. அருள்குமார் சொன்னது அதுதானே? தினம் சாயங்காலம் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் பெரிய கம்பெனியின் மிசினுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? ஒருவேளை பூட்டு விழுந்ததே அவனால்தானோ?

"ஜோதி, நான்தான் காரணமோ என்னமோ" என்றான்.

"அப்படின்னு அந்தப் பெரிய கம்பெனிக்காரன் சொல்லியிருக்கானா?"

"அவன் எங்க சொல்லுதான்? சொல்லவே மாட்டான். தெரியவே போறதில்ல."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "தெரியாட்டாலும், அங்க எத்தன பொம்பளையாளு மெசின்ல உக்காந்து பொழைக்குது. ஷிப்மெண்டு போகலன்னா அதுகளைத்தான் மொதல்ல நிறுத்துவாக. நீங்க கொண்டுபோய்க் குடுத்துருங்க. போலீஸ் வந்து எடுக்கதுக்கு முன்னால நீங்களாக் குடுத்ததா இருக்கட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அடித்த வரியை அழித்தான். டிஸ்க்கைக் கழற்றி, ஒரு குட்டிச் சட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினான்.

திருமுருகன்பூண்டித் திருப்பத்தில் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போகலாம் என்று வேகத்தைக் குறைத்தான். அதைப் பார்த்துத்தான் கான்ஸ்டபிள் கைகாட்டினார்.

"பையில என்ன?"

"கம்ப்யூட்டர் டிஸ்க்கு சார்."

அவர் குட்டிச் சட்டையைப் பிரித்து டிஸ்க்கைத் தூக்கிப் பார்த்தார். ரோட்டோரச் சிற்பக்கூடங்களிலிருந்து உளிச்சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"உன்னோடதா?"

"கம்பெனியோடது சார். கம்பெனிக்குத்தான் கொண்டு போறேன்." அது தன்னுடையதல்ல, கம்பெனியுடையது என்று மூன்று வருசத்தில் முதல்முறையாக அவன் வாயிலிருந்து வந்தது.

"ஹெல்மெட் வாரை மாட்டு. போ."

திருமூர்த்தியின் மேசைமேல் டிஸ்க்கை வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். நகல் எடுத்ததை, கேட்காமல் எடுத்ததை, அதனாலேயே பூட்டு விழுந்திருக்கலாம் என்பதை. கடைசியாகச் சொன்னதை அவன் விழுங்கியிருக்கலாம். நிபுணரும் அங்கே இல்லை, கிளம்பிவிட்டார். ஆனாலும் சொல்லிவிட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோனிஷாவுக்கு முதலில் பாதிதான் காதில் விழுந்தது. "எல்லாம் இருக்குதுங்களா? அளவு, டிசைன், எல்லாமுமா? அப்பா, தப்பிச்சோமப்பா!" என்று எழுந்தேவிட்டாள். கண் நிறைந்திருந்தது. பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

"என்ற மெயிலும் இருக்குதுங்களா?"

"இருக்குங்க மேடம்."

"என்ற சொந்த மெயிலும் அதுலதானுங்க வரும்."

அந்தோணிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். மோனிஷா புருசனைப் பிரிந்து வந்து அப்பன் வீட்டில் இருப்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். வக்கீலுக்கு எழுதியது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், என்னென்னவோ இருந்திருக்கும்.

"நான் எதையும் படிக்கல மேடம். சத்தியமா."

"படிக்கலைன்னு எனக்கெப்புடித் தெரியுமுங்ணா?"

பெரிய கம்பெனிகளைப் பற்றி டீக்கடையில் அவன் கேட்கும் கேள்வி அது. உங்க மெயில அவன் படிக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலத்துக்குள் கட்டிங் ஆரம்பித்துவிட்டது. ராத்திரி ஷிப்ட் போட்டுத் தைத்தார்கள். ஷிப்மெண்ட் ஒரு நாள் தாமதமாகத் தூத்துக்குடிக்குப் போனது. பையர் கோபித்துக்கொண்டாலும் ஆர்டரை ரத்து செய்யவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் அந்தக் கணக்கு தானாகவே திறந்துகொண்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி. எதற்காகப் பூட்டினார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்று அதிலும் இல்லை. அந்தோணிராஜ் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். அவனைக் குற்றவாளி என்றோ இல்லை என்றோ அது சொல்லவில்லை.

திருமூர்த்தி கூப்பிட்டனுப்பினார். இந்த முறை உட்காரச் சொன்னார்.

"கேஸு கீஸெல்லாம் ஒண்ணுங் குடுக்குல. நீ இல்லீன்னா அன்னிக்குக் கம்பெனிய மூடியிருக்கோணும், அதை நானு மறக்க மாட்டேன். ஆனா அந்தோணி, என்ற ஊட்டுச் சாவிய எனக்குத் தெரியாம நீ மூணு வருசம் வெச்சிருந்திருக்கறே. என்ற புள்ளை உன்னையப் பாத்தா இப்பப் பயப்படறா. நானென்ன பண்ணட்டும், சொல்லு."

"நான் வேலையை விட்டு நின்னுக்கிடுதேன்ங்க."

"நீ சொல்லுவியே, ஓப்பனு, அதையே நம்ம எடத்துல போட்டுக் குடுத்துட்டுப் போ. இனி அவனை நம்பி இருக்க முடியாது. அது முடியற வரைக்கும் இரு."

அப்படித்தான் மூன்று வருசம் கேட்டுக் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்தது. புது சர்வர் வாங்கினார்கள். லினக்ஸ் ஏற்றினான். வேலை நல்ல வேலை. ஆனால் மோனிஷா அறைக்குள் வரும்போதெல்லாம் கை தானாகக் கீபோர்டை விட்டு விலகியது. என்ன செய்கிறான் என்று அவள் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான். அவள் கவனமாகக் கேட்டாள், எழுதிக்கொண்டாள், பக்கத்து நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. நின்றே பார்த்தாள்.

கடைசி நாள் மதியம் எல்லாம் முடிந்தது. தன் பெயரில் இருந்த அதிகாரத்தை அவனே நீக்கினான். வீட்டு டிஸ்க்கை அவர்கள் எதிரிலேயே அழித்துக் காட்டினான். மோனிஷா அதைக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்துச் சுத்தியலால் உடைக்கச் சொன்னாள்.

"இப்ப நீங்க புது பாஸ்வேர்டு போடணும் மேடம். எனக்குத் தெரியக் கூடாது."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், முகத்தைச் சுவருக்குக் காட்டி நின்றான். பின்னால் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. எத்தனை தட்டு என்று காது தானாக எண்ண ஆரம்பிக்க, அதை நிறுத்துவதற்காக மெதுவாக இருமினான்.

"போட்டுட்டேனுங்க." அவன் திரும்பியதும் அவள் கேட்டாள். "இனி உங்களால உள்ள வர முடியாதுங்களே?"

"முடியாதுங்க."

"நெசமாங்களா?"

"எல்லாமே தொறந்துதான் கெடக்கு மேடம். தெரிஞ்ச ஆள் யாரையாவது கூட்டிட்டு வந்து வரி வரியாப் பாக்கச் சொல்லுங்க. நான் எதையும் ஒளிச்சு வைக்கல."

மோனிஷா திரையையே பார்த்தபடி சொன்னாள். "அப்புறம் அவரையும் நம்போணுமில்லீங்ணா?"

அவன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கீழே எல்லா மெசின்களும் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் வாட்ச்மேன் அவனை நிறுத்தி, பையை வாங்கித் திறந்து, டிபன் பாக்ஸைக்கூட விடாமல் பார்த்தார். முன்னெல்லாம் அவன் பையை அவர் தொட்டதில்லை. பார்த்து முடிக்கும் வரை அந்தோணிராஜ் கைகளை உடம்பை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டு நின்றான்.