நிழல் எடுப்பவர்

பெரிய தபால் நிலையத்தை இடித்து, கல்லையும் கம்பியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை, அதன் நிழல் மட்டும் வழக்கம்போல வந்து தெருவில் விழுந்தது. மணிக்கூண்டு, வளைவு வாசல், மாடியில் ஒற்றைக் கீலில் தொங்கிய ஜன்னல் கதவு, எதுவும் குறையவில்லை. கோடைக்காலம் என்பதால் முதலில் யாரும் முகம் சுளிக்கவில்லை. டாக்சிக்காரர்கள் மணிக்கூண்டின் நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டார்கள். பழச்சாறு விற்றவர் வளைவு வாசலுக்குள் தள்ளுவண்டியை மாற்றிக்கொண்டு, தனக்கும் ஒரு கட்டடம் அமைந்துவிட்டது என்று சொல்லித் திரிந்தார். எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. தபால் நிலையம் போனால் வெளிச்சம் வரும் என்று நம்பித்தான் அந்த இடத்தில் கடை போட்டதாகவும், இப்போது பட்டப்பகலில் விளக்கைப் போட்டு வியாபாரம் பார்க்க வேண்டியிருப்பதாகவும், நீலம் என்று வாங்கிப்போன துணி வீட்டில் பச்சையாகிவிட்டது என்று ஆட்கள் சண்டைக்கு வருவதாகவும் மாநகராட்சிக்கு எழுதிப் போட்டார்.

மாநகராட்சியும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. தண்ணீர் லாரி வைத்துத் தெருவைக் கழுவினார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், சுண்ணாம்பின்மேல் நிழல் இன்னும் எடுப்பாக விழுந்தது. கடைசியில் செயற்பொறியாளர், கோப்பில் வைக்க ஒரு போட்டோவாவது இருக்கட்டும் என்று கையை விரித்துவிட்டார். நகரம் மாறுவதைப் படமெடுத்து வைப்பதற்கென்றே மாநகராட்சியில் ஓர் ஆள் சம்பளத்துக்கு இருந்தார். படக்காரர் என்று கூப்பிடுவார்கள். ‘தபால் நிலையத்தின் நிழற்படம் எடுக்கவும்’ என்பதுதான் அவருக்கான உத்தரவு. தட்டச்சர் அதை ‘நிழல் படம்’ என்று இரண்டாகப் பிரித்து, வரி மடங்கிய இடத்தில் ‘படம்’ என்பதை விழுங்கிவிட்டார். ‘தபால் நிலையத்தின் நிழல் எடுக்கவும்’ என்று படக்காரர் கைக்கு வந்து சேர்ந்தது. மேலிடத்தில் எழுதியதை ஏன் எதற்கு என்று கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. தன் பெட்டிக் கேமராவின் ஸ்டாண்டைப் பின்னுக்கு நகர்த்தி, நிழல் முழுவதும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி பார்த்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, எடுத்தார். தெருவில் பளீரென்று வெயில் விழுந்தது. தபால் நிலையம் நெகட்டிவுக்குள் போயிருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. நகரம் அப்போதுதான் தன்னைத்தானே இடித்துக்கொள்ளும் வேகத்தில் இருந்தது. நூற்பாலையை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள், சினிமாத் தியேட்டரை இடித்து வாகன நிறுத்தம் கட்டினார்கள், பிறகு அந்த வாகன நிறுத்தத்தையும் இடித்து நாலு திரை வைத்த வேறொரு சினிமாத் தியேட்டர் கட்டினார்கள். ஒரு மனைக்கு ஒரு நிழல்தான் இருக்கலாம் என்று விதி வந்தது. பழைய நிழலை எடுத்தாயிற்று என்று படக்காரர் கையெழுத்துப் போடாமல் புதுக் கட்டடத்துக்கு ஒரு செங்கல் வைக்க முடியாது. டிஜிட்டல் கேமராக்கள் வந்தபோது அலுவலகம் உயர்ந்த ரகத்தில் ஒன்றை வாங்கிக் கொடுத்தது. அது படம் பிடித்தது. ஆனால் தெருவில் நிழல் கிடந்தபடி கிடந்தது. ஆகவே அந்தப் பழைய பெட்டிக் கேமராவுக்கே ஆண்டுதோறும் எண்ணெய் போட்டு, தோல் மாற்றி, வைத்துக்கொண்டார்கள். அலுவலகத்தின் பின்னறையில் இரும்புப் பீரோ பீரோவாக நெகட்டிவ்கள் சேர்ந்தன. வெளியே இருந்த நகரத்தைவிட உள்ளே இருந்த நகரம் பெரியது என்று கடைநிலை ஊழியர்கள் சொல்வார்கள். அந்த அறை எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். கோடையில் சாப்பாட்டுக் கூடையோடு எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள்.

ஊரையெல்லாம் எடுத்தவர் தன் மனைவியை ஒரு படம் எடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு மூன்று மாடி வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். சாயங்காலமானால் அவள் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டு, கிளிப்புகளை வாயில் கவ்வியபடியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அவர் வரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் மேலே வந்ததும் கிளிப்பை எடுத்துவிட்டு முதலில் கேட்பது ஒன்றுதான்.

“ஊர்ல இடிஞ்ச சுவரையெல்லாம் தேடித் தேடி எடுக்கிறீங்க. என்னை எடுக்கணும்னா நானும் இடிஞ்சு விழணுமா?”

“வெளிச்சம் சரியில்ல. நாளைக்குப் பாக்கலாம்.”

அவர் பொய் சொல்லவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் அவருக்குத் திருப்தி கிடையாது. மனைவியை எடுத்தால் பிரமாதமாக எடுக்க வேண்டும் என்றும் ஓர் ஆசை இருந்தது. மகளுக்கு நாலு வயதாகும்போது ஒரு காய்ச்சல் வந்து மனைவியைக் கொண்டுபோனது. படத்துக்கு மாலை போட வேண்டுமே என்று உறவுக்காரர்கள் வந்து கேட்டபோது, படக்காரர் வீட்டில் படம் இல்லை. அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவர் மகளைத் தூக்கிக்கொண்டு மாநகராட்சிக் குடியிருப்புக்கு வந்துவிட்டார்.

வருஷங்கள் போய், மகள் கல்லூரி முடிக்கும் சமயத்தில் அந்த மூன்று மாடி வீட்டையும் இடித்தார்கள். நிழல் எடுக்க வேண்டிய இடங்களின் வரிசையில் அதுவும் வந்தது. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் போனார். காலி மனைக்கு முன்னால், தெருவின் பாதிவரைக்கும் வீட்டின் நிழல் விழுந்திருந்தது. அதன் விளிம்பு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர். சுவரைத் தாண்டி, வெயில் பட்ட தார்ச்சாலையின்மேல் ஒரு பெண்ணின் இடுப்பும் தோளும் தலையும் நீண்டு கிடந்தன. உதட்டோரம் இரண்டு கிளிப்புகள் துருத்திக்கொண்டிருந்தன. இடிந்த கட்டடங்களில் ஆள் நிழல் மிஞ்சியதாக அதற்கு முன் பேச்சே இல்லை. படக்காரர் ஸ்டாண்டை விரிக்கவில்லை. இருட்டும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, அலுவலகத்துக்கு வந்து, வெளிச்சம் சரியில்லை என்று எழுதி வைத்தார்.

அடுத்த வாரம் மேகம் என்று எழுதினார். அதற்கடுத்து லென்ஸில் பூஞ்சை. பிறகு தெருவில் பள்ளம். மனைக்காரர் நடையாய் நடந்து ஓய்ந்து, கடைசியில் அதை ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு விற்றுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்காரர்களும் நடக்க ஆரம்பித்தார்கள். படக்காரர் வெயிலடித்த ஒரு சாயங்காலத்தையும் விட்டதில்லை. நிழலில் அவள் துணியை உதறுவாள், மடிப்பாள், பிறகு சாய்ந்து நின்று தெருமுனையைப் பார்ப்பாள். அவர் அந்த முனையிலிருந்துதான் வருவார். ஆனால் நிழலுக்குக் கண் எங்கே இருக்கிறது, அவரைப் பார்த்தாளா இல்லையா என்று சொல்ல முடியாது. மழைக்காலம் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. தலைமயிர் நரைத்தது, முழங்கால் வலித்தது, ஆசை மட்டும் அப்படியே இருந்தது. மகளிடம் நண்பர்களோடு டீ குடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

மகள் படித்து, தேர்வெழுதி, அதே மாநகராட்சியின் திட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா ஓய்வு பெறப் போகும் கடைசி மாதங்களில், இவ்வளவு காலம் ஏன் இந்த ஒரு மனை மட்டும் பாக்கி என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து உட்கார்ந்தது அவளுடைய மேஜைக்கு முன்னால்தான். நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சாயங்காலம் கிளம்பிப் போனாள். தெருவில் அப்பா நின்றிருந்தார். அவர் காலடியில் கிடந்த பெண் நிழலைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது; தலையைச் சாய்த்து நிற்கும் அந்த நிற்பு அவளுக்கும் உண்டு.

“இத்தனை வருஷமா நீங்க மட்டும் பாத்துட்டு வந்தீங்களாப்பா?”

“உனக்கு அவளை ஞாபகமே இல்லையேன்னு…”

“ஞாபகம் இல்லாததாலதானே காட்டணும்?”

மகள் நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து அம்மாவின் தோள்மேல் கையை வைத்தாள். தார் சுட்டது. “அம்மா என்னைவிடச் சின்னவங்களா இருக்காங்க” என்றாள். பிறகு அழுதாள், கோபத்திலும் அழுதாள். அன்றிலிருந்து இருவருமாக வந்தார்கள். வண்டிக்காரர்கள் ஒலியெழுப்பித் திட்டிவிட்டு, ஒதுங்கிப் போனார்கள்.

கோடை முடியும் தறுவாயில் மகள்தான் பேச்சை எடுத்தாள். ஒரு படமாவது வேண்டும் என்றாள்.

“எடுத்தா போயிடுவாம்மா.”

“நீங்க எத்தனை நாளைக்கு இப்படி வர முடியும்? நமக்கு அப்புறம் யாரு வந்து நிப்பாங்க? அவங்க பாட்டுக்கு அந்த முனையைப் பாத்துக்கிட்டே இருக்கணுமா?”

இது அவர் யோசிக்காத விஷயம். தான் அவளுக்காகக் காத்திருப்பதாகத்தான் அவர் அத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அன்றுதான் உறைத்தது.

மேகமில்லாத ஒரு நாள் பார்த்து, கேமராவை எடுத்துவந்து ஸ்டாண்டை விரித்தார். மகள் தெருவின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தினாள். உயிரோடு இருப்பவர்களின் நிழல் சட்டத்துக்குள் வந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே கயிற்றை யாரும் தாண்டுவதில்லை. கேமராவின் மூடியைக் கழற்றியதும் நிழல் அசைந்தது. அவள் வாயிலிருந்த கிளிப்புகளை எடுத்தாள். காதோரத்து முடியை ஒதுக்கினாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, படத்துக்கு நிற்பவர்கள் நிற்கிற மாதிரி நேராக, கொஞ்சம் விறைப்பாக நின்றாள்.

படக்காரர் கறுப்புத் துணிக்குள் வெகுநேரம் இருந்தார். வெளியே வந்து மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். எங்கே அழுத்த வேண்டும் என்று மகளுக்குக் காட்டினார். பிறகு அவள் எதிர்பார்க்காத நேரத்தில் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். “அப்பா, வேணாம்ப்பா” என்றாள் மகள். அவர் காதில் வாங்கவில்லை. வீட்டின் நிழல் முடியும் இடமாகப் பார்த்து, கால் நிழலிலும் மார்பு வெயிலிலுமாக நின்றார். அவருடைய நிழல் கைப்பிடிச் சுவருக்கு மேலே எழும்பி, மொட்டை மாடியில் அவளுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. நரையும் முழங்கால் வலியும் நிழலில் தெரியாது. இரண்டும் ஒரே வயதாகத்தான் இருந்தன.

“வெளிச்சம் சரியா இருக்கு,” என்றார் படக்காரர். “எடும்மா.”

மகள் அழுத்தினாள். தெரு முழுவதும் வெயிலானது; வீடும் மொட்டை மாடியில் நின்ற இரண்டு நிழல்களும் நெகட்டிவுக்குள் போயிருந்தன. கயிற்றை அவிழ்த்ததும் வண்டிகள் போக ஆரம்பித்தன.

அந்த மனையில் ஆஸ்பத்திரி எழும்பிவிட்டது. நகரத்தில் பாதிப்பேர் இப்போது அங்கேதான் பிறக்கிறார்கள். ஓய்வு பெற்ற படக்காரர் தினமும் அந்த வழியாக நடந்துபோகிறார். உச்சி வெயிலானாலும் சாயங்கால வெயிலானாலும் அவருக்குக் கீழே தரை வெறுமனே கிடக்கிறது. முதலில் தெருவில் எல்லாரும் நின்று பார்த்தார்கள், அவர் பின்னால் வருவது தெரியாமல் மோதிக்கொள்கிறோம் என்று குறைகூடச் சொன்னார்கள், பிறகு பழகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் எப்போதாவது தயங்கித் தயங்கி, உங்க நிழலைக் காணோமே சார் என்று கேட்பார்கள்.

“வீட்ல இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவர் நடப்பார்.