மேஸ்திரி மரம்

பொம்மசந்திராவில் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரி ஆதிகேசவனின் இடது தோளில், கார்த்திகை மாதத்தில், சட்டையைத் துளைத்துக்கொண்டு புல்லுருவி முளைத்தது. அதே வாரம் தக்காளி விலையும் ஏறியது. பல்சக்கரக் கம்பெனி கேட்டில் இரண்டையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள். தக்காளியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக.

புல்லுருவியைப் பார்க்க ஆனேக்கல் பக்கம் ராகிக் கொல்லைகளின் ஓரம் போனால் போதும். அங்கே மாமரங்களின் கிளை மேல் உட்கார்ந்திருக்கும். அதற்கு மண்ணில் வேர் கிடையாது. மரம் இறைத்துக் கொண்டுவரும் தண்ணீரை நடுவழியில் குடித்துவிட்டு, மரம் காய்ந்து நிற்கும்போதும் தான் மட்டும் பச்சையாய்ப் பூத்துக் குலுங்கும். அதன் பழத்தைத் தின்ற சின்னக் குருவிக்குக் கொட்டை பின்பக்கம் பசையாய் ஒட்டிக்கொள்ளும். அதை அடுத்த கிளையில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பறக்கும். துடைத்த இடத்தில் அடுத்தது முளைக்கும். கம்பெனி கேட்டுக்கு வெளியே, அந்த இடம் கொல்லையாக இருந்த காலத்துப் புங்கமரம் ஒன்று மிஞ்சியிருந்தது. அதிலும் புல்லுருவி உண்டு. அதன் நிழலில்தான் ஆதிகேசவன் அனுப்பிய ஹவுஸ்கீப்பிங் பெண்கள் மத்தியானம் சாப்பிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் கேண்டீனில் உட்காரக் கூடாது, கேண்டீனைக் கழுவலாம். நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி வருகிற எல்லம்மாவுக்கு முழங்கால் மடங்காது. தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். புங்கமரத்தின் வேர் ஒன்று நாற்காலி உயரத்துக்குப் புடைத்திருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் உட்காரக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

தோளில் முளைப்பதற்கு முன்பு, அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஆதிகேசவன் வெள்ளைக் கார் வாங்கினார். கேட்டோரம் நிறுத்தினால் புங்கம் இலையும் குருவி எச்சமும் காரின் மேல் விழுந்தன. மரத்தைப் புல்லுருவி பிடித்துவிட்டது, எந்த நேரமும் சாயும் என்று ஆபீசில் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வேரோடு தோண்டி வெட்டிப்போட்டார். திங்கட்கிழமை எல்லம்மா சாப்பாட்டுப் பையோடு வெயிலில் நின்றாள்.

"இன்னா மேஸ்திரி, மரத்த வெட்டிட்டே. நாங்க எங்க குந்தினு துன்றது?"

ஆதிகேசவன் இன்னும் லாரியில் ஏற்றாமல் கிடந்த அடிமரத்தின் மேல் ஏறி நின்றார். மேஸ்திரி ஆவதற்கு முன்பு அவர் யூனியன் கூட்டங்களுக்குப் போனவர். அங்கே கற்றதில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது, ஒரே ஒரு வசவு மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. அதை இப்போது எடுத்தார். "வேலைக்கு வந்தியா, குந்த வந்தியா? உங்களுக்கெல்லாம் சோறு போடற மரம்டி நானு. நீங்க புல்லுருவிங்க! ஒட்டிக்கினு உறிஞ்சறீங்க!" என்று இடது கையை நீட்டி ஒவ்வொருத்தியையும் காட்டினார். எங்கேயோ பழம் தின்றுவிட்டு வழக்கமான கிளைக்குத் திரும்பிய குருவி ஒன்று, கிளையைக் காணாமல், நீட்டிய கையில் வந்து உட்கார்ந்தது. தத்தித் தத்தித் தோள்வரை போய், பின்பக்கத்தை நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பறந்தது. பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததற்காக அன்று சாயங்கால டீ கிடையாது என்று உத்தரவானது.

முளையை முதலில் கண்டது கேட் வாட்ச்மேன் நாகேஷ். அவர் கன்னடக்காரர், தோட்டத்து ஆள். "மேஸ்திரி, இது பதனிகே. ஈகலே கித்துப்போடு," என்றார். அதாவது, புல்லுருவி, இப்போதே பிடுங்கிவிடு. ஆதிகேசவன் பெங்களூருக்கு வந்து முடி நரைத்துவிட்டது என்றாலும், அவருடைய கன்னடம் ஆட்களைத் திட்டுவதற்கும் ஆபீசர்களுக்கு வணக்கம் சொல்வதற்கும் மட்டுமே போதுமானது. பதனிகே என்றது அவர் காதில் பதனேகாயி என்று விழுந்தது. கத்திரிக்காய்.

"கத்திரிக்காயா? அத ஏன்யா கித்தணும்? காய்க்கட்டும் வுடு," என்றார்.

அன்றிலிருந்து தோளுக்குத் தண்ணீர் தெளித்தார். ஊதா நிறச் சின்னக் காயாக இருந்தால் எண்ணெய்க் குழம்புக்கு நன்றாயிருக்கும் என்று அவர் மனைவி வனஜா சாம்பல் போட்டாள். எல்லம்மாவோடு வேலை செய்யும் விஜி, அவர் கேட்டைத் தாண்டும்போதெல்லாம், "எல்லம்மாக்கா, சாம்பாரு எப்பக்கா?" என்று சத்தமாகக் கேட்பாள். தை மாதம் சிவப்பாய்ப் பூத்தபோதுதான் அது கத்திரி இல்லை என்று தெரிந்தது. அதற்குள் வேர் எலும்பைக் கவ்விவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எது எலும்பு, எது வேர் என்று பிரிக்க முடியாமல், தடவ மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஆனேக்கல் பக்கத்து மாந்தோப்புக்காரர் இன்னும் தெளிவாகச் சொன்னார். செடியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும், கிளையோடு வெட்ட வேண்டும். சொல்லிவிட்டு மேஸ்திரியின் கையைத் திருப்பிப் பார்த்து, கொடுவாளைத் தீட்டப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் வெள்ளைக் கார் ஹோசூர் ரோட்டில் இருந்தது.

அந்த வழியில்தான் ஆதிகேசவனுக்கு ஞானம் வந்தது. புல்லுருவி மனிதன் மேல் முளைக்காது, மரத்தில்தான் முளைக்கும். மறுநாள் கேட்டில் சட்டையை விலக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க! மரம்னு சொன்னேன், யார்னா நம்புனீங்களா? இப்ப ப்ரூஃப் இருக்கு. என் ரத்தத்த உறிஞ்சற புல்லுருவிங்க நீங்கதான்!" ஆபீசிலும் அதை ஒப்புக்கொண்டார்கள். யுகாதி விழாவில் புல்லுருவியின் பூங்கொத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வலது தோளில் மட்டும் சால்வை போர்த்தினார்கள்.

எல்லம்மா வெயிலில் நின்றபடியே கடைசிக் கவளத்தை விழுங்கினாள். "மரம்னா சர்தான் மேஸ்திரி. ஆனா மரம் ஏசி போட்டுனு வூட்டுக்குப் போவுமா? நின்ன எடத்துல நிக்கும். நீ ஒரு மத்தியானம் நின்னு காட்டேன்."

"நிக்க மாட்டார்க்கா," என்றாள் விஜி. "மரம் இல்ல, குரோட்டன்ஸ். நெழல்ல வெச்சாதான் தாங்கும்."

இதற்குச் சிரித்தவர்களில் நாகேஷும் இருந்தார். அதைத்தான் மேஸ்திரியால் தாங்க முடியவில்லை. "நிக்கறேன்டி, பாரு!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, புங்கமரம் இருந்த இடத்தில் கையை விரித்து நின்றார். பாதத்தின் கீழே மண் குளிர்ச்சியாக இருந்தது, சாக்கடை ஈரம். வெகுகாலமாக அவர் இப்படி நின்றதில்லை. சாயங்காலம் காருக்குப் போகக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை.

வனஜா சில மாதம் சாப்பாடு கொண்டுவந்தாள். அவருக்குப் பசிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள். காண்ட்ராக்டைத் தன் பெயருக்கு மாற்றினாள், வெள்ளைக் காரை விற்றாள். மழைக்காலத்தில் மேஸ்திரிக்குக் கிளை விட்டது, அடுத்த மழையில் சாலை வரை விரிந்தது. மரங்களுக்கு நம்பர் போட வந்தவர்கள் அவருடைய இடுப்பில் தகரத்தை வைத்து ஆணி அடித்தபோது "ஆவ்" என்று ஒரு சத்தம் வந்ததாக நாகேஷ் சொல்கிறார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும், திட்டுவது போல இலைகள் சலசலக்கும். மேஸ்திரியே மரமாகிவிட்டதால், அவர் மாதாமாதம் சம்பளத்தில் எடுத்துக்கொண்ட பிடித்தம் நிற்கும் என்று பெண்கள் நினைத்தார்கள். நிற்கவில்லை, இப்போது சம்பளச் சீட்டில் அதற்கு மரப் பராமரிப்பு என்று பெயர். புல்லுருவியும் செழிப்பாக இருக்கிறது. கேண்டீனை இன்னும் அவர்கள்தான் கழுவுகிறார்கள், இன்னும் வெளியேதான் சாப்பிடுகிறார்கள்.

அவருடைய வலது முழங்கால் இருந்த பக்கம் வேர் ஒன்று புடைத்து, நாற்காலி உயரத்துக்கு வந்திருக்கிறது. எல்லம்மா சாப்பாட்டுப் பையை மேஸ்திரியின் கட்டைவிரலில் மாட்டிவிட்டு அந்த வேரில் உட்காருவாள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இது இன்னா மரம்க்கா?"

"மேஸ்திரி மரம்."

"காய்க்குமா?"

"கத்திரிக்கா காய்க்கும்னு தண்ணிலாம் ஊத்துனாரு. காய்க்கல. நெழலு பரவால்ல, குந்து."