மூன்றாம் பீரியட்

யோஹானா பெலான் சமையல் வகுப்புக்கு வராமல் லத்தீன் வகுப்பில் போய் நிற்கிறாள் என்ற புகார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, அவள் நிற்கத் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மனையியல் பிரிவின் ஆசிரியை வந்து, பெயர் தைத்த ஏப்ரன் ஒன்று ஒன்பது நாளாக ஆணியிலேயே தொங்குகிறது என்றார். மிஸ் க்ரோவெல் என் பக்கம் திரும்பி, "பிரிஜிட், அந்தப் பொண்ணோட அட்டைய எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதில் "லத்தீன்" என்பதை அடித்து "மனையியல்" என்று தட்டச்சு செய்தவளே நான்தான்.

எங்கள் ஆலை ஊரில் புதிதாகக் கட்டிய உயர்நிலைப் பள்ளிக்கு அது இரண்டாவது வருடம். நான்கு மாடி, ஒவ்வொரு மாடியிலும் குடிதண்ணீர்க் குழாய், பல் பார்க்க ஒரு நர்ஸ், தரைத்தளத்தில் சாப்பாட்டுக் கூடம். படிப்பு முடிந்ததும் வேலைக்கு அனுப்புவதற்குத் தனி ஜன்னல் இருந்தது. கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு லத்தீனும் வேதியியலும் உள்ள ஒரு பிரிவு, கணக்கும் தட்டச்சும் கற்க வணிகப் பிரிவு, பையன்களுக்குப் பட்டறை, பெண்களுக்கு மனையியல். யார் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது மிஸ் க்ரோவெலின் தொழில் வழிகாட்டி அலுவலகம். நான் வணிகப் பிரிவு. மூன்றாம் பீரியடில் அந்த அலுவலகத்தில் தட்டச்சு செய்வது எனக்குப் பயிற்சி.

மிஸ் க்ரோவெல் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கோட் இல்லாமல் வந்த இரண்டு பிள்ளைகளுக்குப் போன குளிர்காலத்தில் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தவர். எந்தப் பிள்ளையும் தவறான கதவைத் தட்டி வருடத்தை வீணாக்கக் கூடாது என்பார். அதை முழுமனதோடு நம்பினார். அதனால்தான் அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அன்று அவர் எழுதிய குறிப்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். யோஹானா கடைசி வரிசைக்குப் பின்னால், வரைபடத்துக்கும் ஜன்னலுக்கும் இடையில், சுவரில் சாயாமல் நின்றுகொண்டிருந்தாள். நோட்டை இடது முன்கையில் வைத்து எழுதினாள். நெட்டையான பெண், காலணி அவளுடைய அண்ணனுடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. லத்தீன் ஆசிரியர் மிஸ்டர் லேத்ரப் குறிப்பைப் படித்தார். சிரித்து யாரும் பார்த்திராத கிழவர்.

"மிஸ் பெலான், உனக்கு இங்க இடம் இல்லன்னு எழுதியிருக்காங்க."

"நான் உக்கார இடம் கேக்கலையே சார்."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். லேத்ரப் குறிப்பை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். அவளைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

மறுவாரம் அவளுடைய அம்மாவை வரவழைத்தார்கள். ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் பதினோரு ஸ்லோவாக் தொழிலாளிகளுக்கு வீட்டில் தங்க இடம் கொடுத்துச் சமைத்துப் போடுகிறவள். தலையில் முக்காடு, சோப்புத் தண்ணீரில் வெந்து சிவந்த கை. இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்க வேறு யாரும் இல்லாததால் யோஹானாவே இருவருக்கும் நடுவில் நின்றாள். தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தானே சொல்ல வேண்டிய நிலை. நான் தட்டச்சு செய்வதுபோல் குனிந்திருந்தேன்.

"உங்க அம்மாகிட்ட சொல்லு, மனையியல் படிச்சா நல்ல வீட்டுல வேலை கிடைக்கும், நாளைக்குக் குடும்பத்துக்கும் உதவும். லத்தீன் உன்னை மாதிரிப் பொண்ணுக்கு எதுக்கு உதவும்?"

யோஹானா சொன்னாள். ஒரு சொல்லையும் மென்று விழுங்கவில்லை என்பது அம்மாவின் முகம் மாறியதிலேயே தெரிந்தது. பிறகு அம்மா பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். கையை நீட்டி, மேசையைத் தட்டி, ஒரு கட்டத்தில் மாவு பிசைவதுபோல் காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

"பதினோரு ஆம்பளைங்களுக்கு மூணு வேளை சமைக்கிறேன், சமையல் சொல்லிக் குடுக்க என் அடுப்பு போதும்னு சொல்றாங்க. எங்க வீட்டுல இல்லாதத கத்துக்கத்தான் அனுப்பினேன்னு சொல்றாங்க. உங்களுக்கு வேணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க, உருளைக்கிழங்கு மாவு உருண்டை செய்யக் கத்துத் தர்றாங்களாம்."

"அவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானா?"

"மிச்சத்த இந்த ரூம்ல சொல்ல முடியாது மிஸ் க்ரோவெல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன். மிஸ் க்ரோவெலின் கழுத்து சிவந்தது. திங்கட்கிழமை சமையல் வகுப்பில் இல்லாவிட்டால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்றார். யோஹானா அதையும் மொழிபெயர்த்தாள். அம்மா முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, மகளின் முதுகில் ஓர் அடி வைத்தாள். கோபத்தில் அடித்த அடி இல்லை அது. இருவரும் போனார்கள்.

திங்கட்கிழமை ஏப்ரன் ஆணியிலேயே இருந்தது. மறுநாள் மூன்றாம் பீரியட் தொடங்கும் முன், தலைமை ஆசிரியர் லேத்ரப்பை எங்கள் அலுவலகத்துக்கே கூப்பிட்டு, "அந்தப் பொண்ண வெளியே அனுப்புங்க" என்றார்.

லேத்ரப் பதிவேட்டைத் திறந்து விரலால் பெயர்களை மேலிருந்து கீழே தடவினார். "பெலான்னு என் வகுப்புல யாரும் இல்ல. பேர நீங்களே அடிச்சிட்டீங்க. இல்லாத பொண்ண நான் எப்படி வெளிய அனுப்புறது?"

"அப்ப பின்னாடி நிக்கிறது யாரு?"

"நிக்கிறவங்களுக்குப் பதிவேடு இல்ல" என்று சொல்லிவிட்டு, பீரியட் மணி அடிக்கும் முன்பே தன் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

தலைமை ஆசிரியர் மிஸ் க்ரோவெலைப் பார்த்தார். பெயர் நீக்கும் கடிதத்தைத் தயார் செய்யும்படி மிஸ் க்ரோவெல் என்னிடம் சொன்னார். விவரங்களுக்காக மறுபடி அட்டைப் பெட்டியை இழுத்தேன். ஆங்கில அகரவரிசையில் பெலானுக்குச் சில அட்டை தள்ளி, குடும்பப் பெயர் முன்னால் போட்டு, என் அட்டை: காலன், பிரிஜிட். இவ்வளவு நாள் அதை நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. பார்க்கத் தோன்றாதபடிதான் என்னை வைத்திருந்தார்கள்போல.

நான் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் நேர்காணலில் என்ன பிடிக்கும் என்று மிஸ் க்ரோவெல் கேட்டிருந்தார். வேதியியல் என்றேன். தலையை ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார். ஒரு பரீட்சையும் வைத்தார். இரண்டு நாள் கழித்து, உன் விடைகளை வைத்துப் பார்த்ததில் தட்டச்சுதான் உனக்குப் பொருத்தம் என்றபோது நன்றிகூடச் சொன்னேன்.

அட்டையில் இருந்தது இரண்டே வரி. தகப்பன் தொழில், ரயில் பாதைக் கூலி. பரிந்துரை, வணிகப் பிரிவு. கீழே தேதி. பள்ளி திறப்பதற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. நான் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைப்பதற்கே முந்தையது.

"என்ன பிரிஜிட், அட்டை கிடைக்கலையா?"

"கிடைச்சிடுச்சு மிஸ் க்ரோவெல்."

"அப்ப அடிக்க வேண்டியதுதானே?"

இயந்திரத்தில் தாள் இருந்தது. தேதியும் "அன்புள்ள திருமதி பெலான்" என்பதும் ஏற்கெனவே விழுந்திருந்தன. என் விரல்கள் விசைகளின் மேல் இருந்தன. நிமிடத்துக்கு எழுபது சொல் அடிக்கிறவள் நான், வகுப்பிலேயே வேகமானவள். தாளை உருவி எடுத்து மேசையில் வைத்தேன்.

"இத வேற யாராவது அடிக்கட்டும்."

"எங்க போற? இது உன் பீரியட்."

யோஹானாவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். கதவைத் திறந்து நடந்தேன். படிக்கட்டில் ஏறினேன். அம்மாவிடம் என்ன சொல்வேன், அந்த வேலை ஜன்னல் வழியாக எனக்கு இனி ஒரு வேலையும் வராதே என்றெல்லாம் மனதில் ஓடியது. மூன்றாம் மாடியில் லேத்ரப்பின் குரல் கேட்டது. கதவுக் கண்ணாடியில் யோஹானாவின் தோள் தெரிந்தது, எழுதிக்கொண்டிருந்தாள். நிற்காமல் அடுத்த படிக்கட்டில் ஏறினேன்.

நான்காம் மாடியின் கோடியில் இருந்தது வேதியியல் அறை. உள்ளே இருபது பையன்கள், இருபது பர்னர் சுடர்கள். கந்தக நெடி மூக்கில் ஏறியது. கடைசி மேசைக்குப் பின்னால் போய், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கடைசியில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியரும் சாக்பீசோடு திரும்பினார். என் பக்கத்து மேசையில் யாரும் கவனிக்காத ஒரு கண்ணாடிக் குடுவை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த நீல நீர் மெல்லப் பச்சையாக மாறிக்கொண்டிருந்தது.