மாடனின் கை

குற்றாலம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. மாடனுக்கு இருந்த வாய் மட்டும் வேறு யாருக்கும் கிடையாது. தன் கை பட்டால் எப்பேர்ப்பட்ட வலியும் ஓடிவிடும் என்பான். சீசனுக்கு வருகிறவர்கள் ஆமாம் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டுவார்கள். கேட்க வேண்டுமா!

அவன் மகள் முத்துசெல்விக்குப் பத்து வயது. தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போன மூன்றாவது வாரம் அவளுக்கு முழங்கால் வீங்கியது, காய்ச்சலும் திரும்பியது. மாடன் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தான். இரண்டே நாளில் வலி போனது. அடுத்துக் கணுக்கால் வீங்கியது. தேய்த்தான், அதுவும் போனது. பிறகு மணிக்கட்டு. வலியை ஓட ஓட விரட்டுகிறேன் என்று இலஞ்சி டீக்கடையில் உட்கார்ந்து அளந்தான். பாவி மனுஷன், ஓடுகிற வலி எங்கே போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

ஒரு நாள் பள்ளிக்கூட மாடிப்படியில் பிள்ளை மூச்சு வாங்கிப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தென்காசியில் டாக்டர் லோகநாயகி அவள் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார், ஸ்கேனும் எடுத்தார். தொண்டைக் கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பு தன்னையே தாக்கிக்கொண்டிருக்கிறது என்றார். வீக்கம் மூட்டு மூட்டாக மாறும், தானாகவே வற்றும், ஆனால் இதயத்தைச் சும்மா விடாது. ஒரு வால்வில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

மாடன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"நாந் தேச்சுத் தேச்சுத்தான் அது நெஞ்சுக்குப் போயிட்டுதா, டாக்டரம்மா?"

"இல்ல மாடன். நீங்க தொடாம இருந்தாலும் போயிருக்கும். முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம், அவ்வளவுதான்."

அந்த 'இல்ல' அவன் காதில் ஏறவே இல்லை.

மாத்திரையும் ஓய்வும் போக, இருபத்தொரு நாளைக்கு ஓர் ஊசி, வருஷக்கணக்கில். ஒன்றுகூடத் தவறாமல் போட்டால் கசிவு குறைய வழியுண்டு என்றார் டாக்டர். மாடன் ஒன்றையும் தவறவிடவில்லை. அருவியில் கூட்டம் நெரிகிற ஆடி மாதத்திலும் எண்ணெய்ப் பாட்டிலை மூடிவைத்துவிட்டு மகளோடு பஸ் ஏறினான். ஆனால் வலியில் அவள் காலைப் பிடித்துவிடச் சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். ஊர் உடம்பையெல்லாம் பிடித்துவிடுகிறவனுக்குப் பெற்ற பிள்ளையைத் தொடப் பயம். என்ன கொடுமை!

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஊசியை மட்டும் நிறுத்திவிடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் மாடன் எழுந்திருக்கவில்லை.

"பிள்ளைக்கு நான் காலு பிடிச்சுவிடலாமா, டாக்டரம்மா?"

இத்தனை நாளாகவா இதை மனசில் வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். தாராளமாகப் பிடித்துவிடலாம் என்றார்.

வெளியே வந்தால், முத்துசெல்வி செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே பேசியது அவ்வளவும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"ஏட்டி, ஆஸ்பத்திரியில வச்சா?"

"இங்கன வச்சுத்தான்."

மாடன் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்தான். விரல் நுனியால் பட்டும் படாமலும் தடவினான்.

"நல்லா அழுத்திப் பிடிங்கப்பா" என்றாள் மகள்.