நாடு வைத்தவரின் மிச்சங்கள்

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு மாரி பிடித்த வாரத்தில், சாய்ந்தமருதில் றாஹிலாவின் குசினிக்குள் முகமில்லாத ஆட்கள் ஒரு பஸ் கொள்ளும் அளவுக்கு வந்து குந்தியிருந்தார்கள். அந்த வாரம் கீரிமீன் மலிவு. வெங்காயம்தான் விலை ஏறியிருந்தது. கண்ணும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுக்குத் தண்ணீரில் ஊறிய பேக்கரிப் பாணைப் போல வெளுத்த சதை மட்டும் இருந்தது. வியர்வை மட்டும் குறைவில்லாமல் வடிந்தது. றாஹிலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களைக் கடந்துபோய்ச் சோற்றை இறக்கினாள். பள்ளிவாசல் லெவ்வை வந்து ஓதிப் பார்த்தார். ஜின்னென்றால் அதற்கொரு முகம் இருக்கும், இது அந்தச் சாதியில்லை என்று சொல்லி, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். அதற்குப் பிறகுதான் அவளுடைய புருஷன் அதாவுல்லா தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னார்.

"இதுகள் என்ட ஆக்கள்தான் கா. வெள்ளிக்கிழமைக்கெண்டு செஞ்சது. அவனுகள் அந்தப் பக்கம் போகல்ல."

அதாவுல்லா சவூதியில் குழாய் பதிக்கிற வேலை முடிந்து திரும்பியபோது, எல்லாரையும் போல ஒரு கசற் றேடியோவும் கம்பளிகளும் கொண்டுவந்தார். அவற்றோடு, முகாமில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்ட பெட்டியொன்றும் வந்தது. அதற்குள் இருந்தது ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு நாட்டை உண்டாக்கி வைக்க வேண்டும். மற்றவர்கள் வீரன், கள்வன் என்று ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே வாயால் அந்த நாட்டுக்குள் நடக்க வேண்டும். கதவைத் திறக்கிறோம் என்று அவர்கள் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று நாடு வைத்தவர் சொல்ல வேண்டும். வாள் பட்டதா தவறியதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பகடை கூடாது என்று லெவ்வை சொன்னதால், எண் எழுதிய புளியங்கொட்டைகளைப் பால் பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். தையற்காரர் மஜீட், தோணிகளுக்கு ஐஸ் கொடுக்கும் பளீல், நெல் ஆலை லொறி ஓட்டும் முகைதீன்பாவா என்று மூன்று பேர், வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் மஜீடின் கடையில் கூடினார்கள்.

நாடு வைக்கிற வேலையை அதாவுல்லா சனிக்கிழமையே தொடங்கிவிடுவார். சோற்றுக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, விரலில் மீன் ஆணம் காய்ந்து ஒட்டியிருக்க, சீமெந்துப் பேப்பரை விரித்துத் தெரு கீறுவார். ஒரு கோட்டை என்றால் அதற்கு ஏழு வழி. ஒவ்வொரு வழியிலும் ஒரு காவல்காரன், அவனுக்கு ஒரு பொண்டாட்டி, அவளுக்கு ஒரு வருத்தம். சதுப்பு நிலம் என்றால் அதில் என்ன செத்துக் கிடக்கிறது, எத்தனை நாளைக்கு முன் செத்தது என்பது வரை யோசிப்பார். சூனியக்காரிக் கிழவியின் குரலைக் கக்கூசுக்குள் இருந்து பழகுவார்; பக்கத்து வளவில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. வெள்ளி பின்னேரம் அந்த மூன்று பேரும் ஏழு வழியில் ஒன்றில் பாதி தூரம் போவார்கள். அவர்கள் மிதித்தது மஜீடின் கடையிலேயே முடிந்துவிடும். மிதிக்காதது அதாவுல்லாவின் பின்னால் வீட்டுக்கு வந்தது.

முதலில் வந்த ஒரு பிராணி நேரே கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டது. அடுத்து வந்தது சதுப்பு நிலம். அது கட்டிலுக்குக் கீழே படிந்து, புளித்த மாவைப் போலக் குமிழி விட்டது. பிறகு ஓர் அரசனின் விருந்து வந்து, தொடுவாரில்லாமல் வீட்டு மண்டபத்தில் கிடந்து புழுத்தது. கூனி இறால் சாக்குக்குள் கால் விட்டதைப் போல ஒரு வெடுக்கு நாற்றம் வீட்டின் ஓட்டில் ஏறிக்கொண்டது. றாஹிலா ஈர்க்குமாறால் கூட்டினாள், சாம்பிராணி போட்டாள், டெற்றோல் ஊற்றிக் கழுவினாள். சதுப்பு டெற்றோலைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. புருஷனைக் கண்டாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவருடைய விரலில் காய்ந்திருந்த ஆணத்தைக் கண்டால் அதைவிடக் கூடுதலாக வந்தது.

குமட்டலோடு போயிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். ஆனால் அந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. றாஹிலாவின் உம்மா அவளுக்குக் கொடுத்த வீடு அது. மகள் நதீராவைக் கட்டிக்கொடுக்கும்போது நதீராவுக்குப் போக வேண்டியது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு முதல் வீட்டைத்தான் பார்ப்பார்கள். மருதமுனையிலிருந்து வந்த பெண்கள் வளவு வாசல் கடப்படியிலேயே சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கூடக் கேட்காமல் திரும்பிப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து நதீரா அரைக் கோப்பைச் சோற்றோடு எழும்பிக்கொண்டிருந்தாள். இப்போது நிந்தவூரிலிருந்து இன்னொரு பேச்சு வந்திருந்தது. அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நதீராவுக்குச் சட்டை தைக்கக் கொடுக்கிற சாட்டில் றாஹிலா வெள்ளிக்கிழமை மஜீடின் கடைக்குப் போய்த் திரைக்குப் பின்னால் இருந்தாள். உள்ளே நடந்ததெல்லாம் காதில் விழுந்தது. பளீல் வாசல் காவல்காரனிடம் உன் பேரென்ன, உன் உம்மாவின் பேரென்ன, எந்த ஊர் என்று விசாரித்தே பொழுதைப் போக்கினார். மஜீட் அந்தக் காவல்காரனை வெட்டுவதற்கு அவதிப்பட்டார். முகைதீன்பாவா ஒரு கயிறு வாங்குவதற்குப் பேரம் பேசத் தொடங்கி, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினார். ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை. அன்றும் அதாவுல்லாவின் பின்னால் ஒரு நூலகமும் நோய் பிடித்த குதிரைகளும் வந்தன.

"நீங்க ஒரு நாட்டையே வெக்கிறீங்க," என்றாள் றாஹிலா, மூக்கைப் பொத்தியபடி. "அவனுகளுக்கு வேணுங்கிறது ஒரு வாசல், ஒரு சண்டை, விலை கேக்க ஒரு கயிறு. மிச்சத்த அவனுகள் கேட்டாப் பொறகு செய்ங்க. கேக்காததெல்லாம் என்ட புள்ளட ஊட்டுக்குள்ள கிடந்து ஊத்தையாப் போகுது."

அதாவுல்லாவுக்கு ரோஷம் வந்தது. ஆயத்தமில்லாமல் போய் இருந்தால், அவர்கள் கேட்கும்போது வாய் அடைத்துப் போகுமே என்றார். அடைத்துப் போனால் காவல்காரனுக்கு ஒரு தடவை இருமல் வரட்டும், அதற்குள் யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள் றாஹிலா. அவர் சீமெந்துப் பேப்பரை மடித்து வைத்தார். அதைத் தான் யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் அஸருக்குப் பிறகு, மூன்று பேரையும் வீட்டுக்கே கூட்டிவரச் சொன்னாள். வந்ததும் பளீல் கடப்படியில் நின்று குமட்டி ஓங்காளித்தார். நீங்கள் மிதிக்காமல் விட்டதுதான், மிதித்து முடித்துவிட்டுப் போங்கள் என்று றாஹிலா பால் பேணியைக் கையில் கொடுத்தாள். மஜீட் கட்டிலுக்குக் கீழே இருந்ததோடெல்லாம் சண்டை பிடித்தார். வெட்டுப்பட்டவை சீழ் வடிந்து காய்ந்து மறைந்தன. முகைதீன்பாவா சதுப்பு நிலத்தையும் குதிரைகளையும் அங்கே இல்லாத ஓர் அரசனுக்குப் பேரம் பேசி விற்றார். நூலகத்தை விற்க முடியாமல் இலவசமாகக் கொடுத்தார். பளீல் குசினிக்குள் போய், குமட்டலை விழுங்கி விழுங்கி, ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டார். அதாவுல்லா அந்த இடத்திலேயே பேர் யோசித்துச் சொல்லச் சொல்ல, அவர்களுக்கு மூக்கும் முழியும் வந்தது. வந்தவுடன் எழும்பி, சாறனை உதறிக் கட்டிக்கொண்டு, பெரிய தெருவுக்குப் போய் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினார்கள். கொண்டக்டர் எல்லாருக்கும் டிக்கட் கிழித்தார்.

கிணற்றுக்குள் இருந்தது மட்டும் போகவில்லை. அதுதான் அதாவுல்லா முதன்முதலில் செய்தது, ஆசை ஆசையாகச் செய்தது. மயிரில்லாத உடம்பு, மாட்டு ஈரலைப் போன்ற நாக்கு, ஓயாமல் ஒழுகும் வாய். மஜீட் எட்டிப் பார்த்துவிட்டுச் சண்டை வேண்டாம் என்றார். முகைதீன்பாவா விலை சொல்லவில்லை. பளீல் பேர் கேட்பதற்கு வாயைத் திறந்து, கிணற்றுக் கட்டில் சத்தி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா சுபைறா தன் இரண்டு தங்கைகளோடு வந்தார். அறைகளைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், குசினியில் புகைக்கூட்டைப் பார்த்தார். பிறகு நேரே கிணற்றடிக்குப் போய்க் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நதீரா யன்னலுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விலாங்கு என்று சொல்லலாமென்று றாஹிலா நினைத்து வைத்திருந்தாள். ஆனால் அந்த மனிசி நிமிர்ந்தபோது முகம் கோணியிருந்த கோணலைக் கண்டதும், பொய் சொல்லி மறைக்கக்கூடிய அருவருப்பில்லை இது என்று அவளுக்கு விளங்கியது.

"இதென்ன கா, இந்த அரியண்டம்?"

"ஊட்டோட வாறதுதான் ராத்தா. நதீராட வாப்பா செஞ்சது."

"என்ன திங்கும்?"

"மீன் தலை."

சுபைறா முந்தானையால் வாயைத் துடைத்தார். மறுபடியும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, மறுபடியும் முகத்தைச் சுளித்தார்.

"எங்கட மகன் மீன் தலை தொடமாட்டான்," என்றார். "தலையெல்லாம் அநியாயமாத்தான் எறியிற."

நோன்புப் பெருநாள் கழித்துக் கலியாணம் நடந்தது. அதாவுல்லா அதன் பிறகு வியாழக்கிழமை பின்னேரம் மட்டும், கை கழுவிவிட்டு வந்து, ஒரு வாசலும் ஒரு சண்டையும் ஒரு கயிறும் வைத்தார். கேட்காத எதையும் வைக்கவில்லை. எண்பத்தைந்தில் ஊரடங்கு வந்து கடைகள் பூட்டியிருந்தபோது அந்த மூன்று பேரும் அவருடைய வீட்டு மண்டபத்திலேயே கூடினார்கள், அப்போதும் ஒன்றும் மிஞ்சவில்லை. மருமகன் முதல் மாதம் கிணற்றுப் பக்கம் போகவில்லை. இரண்டாம் மாதம் தலைகளை அவரே கொண்டுபோய்ப் போட்டார். நதீராவின் பிள்ளைகள் அதன் நாக்கைக் கண்டு ஓங்காளிக்கப் பழகிய பிறகுதான் நடக்கப் பழகினார்கள். றாஹிலாவுக்குக் கடைசிவரை அந்த அருவருப்பு தீரவில்லை. ஒவ்வொரு காலையும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குத் தீன் போட்டுவிட்டு, குடிக்கிற தண்ணீரை மட்டும் பக்கத்து வளவில் அள்ளினாள்.